உருளைக்கிழங்கு சாலட்டை யார் செய்தது?

2014 ஜூலை மாதம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் ஜாக் டேஞ்சர் பிரவுன் என்று ஒருவர். அவருக்கு விளையாட்டாக ஒரு யோசனை வந்தது. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் தெரிந்திருக்கும். புதிதாக ஒரு பொருள் தயாரிக்கவோ, படம் எடுக்கவோ, புத்தகம் போடவோ கையில் முதல் இல்லாதவர்கள் அங்கே போய், "இதைச் செய்யப் போகிறேன், ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள்" என்று ஊர் உலகத்திடம் கேட்கலாம். பிரவுனும் கேட்டார். கேட்ட தொகை பத்தே பத்து டாலர். எதற்கு? உருளைக்கிழங்கு சாலட் செய்வதற்கு! என்ன மாதிரி சாலட் என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவரே எழுதியிருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கணக்கை மூடியபோது வந்து சேர்ந்திருந்த பணம் 55,492 டாலர். கொடுத்தவர்கள் 6,911 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு எட்டு டாலர். பத்து டாலர் கேட்ட மனிதருக்கு ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட அந்தப் பத்து டாலரையே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் :-) அந்த செப்டம்பரில் கொலம்பஸ் நகரில் அவர் ஒரு பெரிய விருந்து வைத்தார். பசியோடும் வீடில்லாமலும் இருப்பவர்களுக்காக உழைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் ஒரு பங்கு போனது. உலகமே சிரித்தது. உருளைக்கிழங்கு சாலட் என்றால் அவ்வளவு சாதாரணம், அவ்வளவு அப்பாவி. அதனால்தான் அந்த நகைச்சுவை எடுபட்டது.

அடுத்த கதையில் சிரிக்க ஒன்றுமில்லை.

2015 ஏப்ரல் 19. அதே ஓஹையோ மாநிலம். கொலம்பஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி லங்காஸ்டர் என்ற ஊர். ஒரு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பாட்லக் விருந்து. 77 பேர் சாப்பிட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். கண் இமை தொங்கியது, பார்வை இரண்டாகத் தெரிந்தது, விழுங்க முடியவில்லை, சிலருக்கு மூச்சே விட முடியவில்லை. மொத்தம் 29 பேர். ஒருவர் இறந்துபோனார். நோய் பாட்யூலிசம். அமெரிக்காவில் ஏறக்குறைய நாற்பது வருடங்களில் நடந்த மிகப்பெரிய பாட்யூலிசம் சம்பவம் அது. காரணமாக அதிகாரிகள் கை காட்டியது ஒரு கிண்ணத்தை. உருளைக்கிழங்கு சாலட்.

ஒரே மாநிலம், ஒரே பதார்த்தம், இடையில் ஒன்பது மாதம். ஒன்றில் முன்பின் தெரியாத ஏழாயிரம் பேர் நம்பிப் பணம் கொடுத்தார்கள். இன்னொன்றில் வாரா வாரம் முகம் பார்த்துப் பழகியவர்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். இரண்டிலும் முக்கியச் சரக்கு கிழங்கு இல்லை, நம்பிக்கைதான். உருளைக்கிழங்கு சாலட் செய்வது எப்படி என்று சொல்ல வந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

சரி, முதலில் குக்-அவுட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் கோடைக்காலம் என்பது காலண்டரில் இருப்பதைவிட மக்கள் மனதில் கொஞ்சம் முன்பே தொடங்கிவிடும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டேயில் ஆரம்பித்து, ஜூலை 4 சுதந்திர தினம் வழியாக, செப்டம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டேயில் முடியும். நடுவில் ஜூன் 19. அடிமை முறை முடிவுக்கு வந்ததைக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிவந்த ஜூன்டீன்த் நாள். 2021-ல்தான் அதை நாடு முழுவதற்குமான அரசு விடுமுறை ஆக்கினார்கள். இந்த நாட்களில் வீட்டுக் கொல்லையிலோ பூங்காவிலோ கரி அடுப்பைப் பற்றவைத்து, இறைச்சியைச் சுட்டு, உறவும் நட்பும் கூடிச் சாப்பிடுவதுதான் குக்-அவுட்.

அடுப்புப் பக்கம் ஒரு மாமாவோ அப்பாவோ இடுக்கியைப் பிடித்துக்கொண்டு பெரிய தளபதி மாதிரி நிற்பார். எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர்களின் கண் மேஜை மேல் அலுமினியத் தாள் போட்டு மூடியிருக்கும் ஒரு கிண்ணத்தின் மேல் இருக்கும். சுட்ட கறி கொஞ்சம் கருகினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உருளைக்கிழங்கு சாலட் சொதப்பினால் அடுத்த பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்களில் இது வெறும் பக்கப் பதார்த்தம் இல்லை, ஒரு பதவி. கிண்ணத்தைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி "உருளைக்கிழங்கு சாலட்டை யார் செய்தது?" என்பதுதான். நம்பகமான அத்தையோ பாட்டியோ பெயர் வந்தால் தட்டு நீளும். தெரியாத பெயர் வந்தால் "அப்புறம் போட்டுக்கிறேன்" என்று நழுவிவிடுவார்கள். 2018 ஏப்ரலில் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில், பிளாக் பேந்தர் படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேன், அதே டி'சாலா ராஜாவாக ஒரு வினாடி வினா போட்டிக்கு வருவார். பாவம், வகாண்டா ராஜாவுக்கு அமெரிக்க விவகாரம் எதுவும் பிடிபடாமல் எல்லாக் கேள்வியிலும் தடுமாறுவார். கடைசியில், வெள்ளைக்காரத் தோழி ஒருத்தி குக்-அவுட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருவதாகச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்ற கேள்வி வரும்போது அவருக்குச் சட்டென்று ஞானம் பிறக்கும். அந்தப் பெண் உப்பைக் கிள்ளிப் போட்டு, வேறு மசாலா எதுவும் சேர்க்காமல், தேவையே இல்லாமல் உலர்திராட்சையைப் போட்டிருப்பாள் என்று ஊகித்து, வேண்டவே வேண்டாம் என்பார். அரங்கம் அதிர்ந்தது. சிரித்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

*

இத்தனை அமெரிக்கத்தனமான இந்தப் பதார்த்தம் உண்மையில் ஊர் ஊராக அலைந்து வந்து சேர்ந்தது. கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களுடையது. பதினாறாம் நூற்றாண்டில் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனது. வெந்த கிழங்கை வினிகரோடு சேர்க்கும் பழக்கத்தை ஜெர்மானியர்கள் வேரூன்ற வைத்தார்கள். இன்றும் தெற்கு ஜெர்மனியில் சூடான இறைச்சிச் சாறும் வினிகரும் எண்ணெயும் ஊற்றிச் செய்கிறார்கள். வடக்கே போனால் மயோனைஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவில் குடியேறியபோது (ஓஹையோவில் சின்சினாட்டி நகரத்தில் அவர்கள் ஏராளம்) இந்த சாலட்டும் கூடவே கப்பலேறியது.

அதற்குப் பிறகு நடந்தது பக்கா வியாபாரக் கதை. மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள்கருவில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு அடித்துச் செய்வது. கை வலிக்கும், கொஞ்சம் அவசரப்பட்டால் திரிந்துபோகும். பிரஷ்யாவிலிருந்து குடியேறிய ரிச்சர்ட் ஹெல்மேன் 1905-ல் நியூயார்க்கில் ஓர் உணவுக்கடை திறந்தார். அவர் கடை மயோனைஸுக்குக் கிராக்கி ஏறவே, 1912-ல் அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து நீல ரிப்பன் படம் போட்டு விற்க ஆரம்பித்தார். 1917-ல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரத்தில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி தொடங்கியது டியூக்ஸ் மயோனைஸ். 1933-ல் பொருளாதார மந்தக் காலத்தில், சிகாகோ உலகக் கண்காட்சியில் கிராஃப்ட் நிறுவனம் மலிவாக, இனிப்பாக 'மிராக்கிள் விப்' என்று ஒன்றை இறக்கியது. வீட்டில் செய்யச் சிரமமான ஒன்று கடையில் ஜாடியில் கிடைத்ததும், பணக்கார மேஜையில் இருந்த சாலட் எல்லோர் மேஜைக்கும் வந்தது. எந்த ஜாடி சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தெற்கில் போய் டியூக்ஸைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

*

இப்போது செய்முறை. அதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஓஹையோவில் ஏதோ ஓர் ஊர், ஒரு பாட்டி, ஒரு பேத்தி என்று கற்பனை செய்துகொள்வோம். நாற்பது வருடமாக ஜூலை 4-ஆம் தேதி சாலட் பாட்டியுடையது. இந்த வருடம் பாட்டிக்குக் கை நடுங்குகிறது. "நீ செய்" என்று கல்லூரியில் படிக்கும் பேத்தியிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். எழுதிவைத்த குறிப்பு எதுவும் கிடையாது. அளவு கேட்டால் "பார்த்தாத் தெரியும்" என்பதுதான் பதில். உலகம் முழுக்கப் பாட்டிகள் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

முதல் முடிவு, என்ன கிழங்கு? அமெரிக்காவில் அதிகம் விளையும் ரஸெட் ரகம் மாவுச்சத்து மிகுந்தது. வறுக்கவும் சுடவும் அருமை, ஆனால் வெந்ததும் ஓரம் கரைந்து குழையும். சிவப்புத் தோல் கிழங்கு அதற்கு நேர்மாறு. வெட்டின துண்டு வெட்டின மாதிரியே நிற்கும், ஆனால் மயோனைஸை உள்ளே விடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1980-ல் வெளியிட்ட யூக்கான் கோல்ட். மஞ்சள் சதை, வெண்ணெய் மாதிரி மிருது, ஆனால் உருவம் கெடாது. ரஸெட்டில் செய்து கொஞ்சம் மசிந்தால்தான் சுவை என்று சாதிப்பவர்களும் உண்டு. பேத்தி யூக்கான் கோல்ட் ஐந்து பவுண்டு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிலோ வாங்கினாள். பதினைந்து பேருக்குத் தாராளம்.

தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அதற்குப் பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கிற நீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்த பிறகும் நடுவில் நறுக்கென்று இருக்கும். தண்ணீரிலேயே தாராளமாக உப்பு. பின்னால் எவ்வளவு உப்புப் போட்டாலும் அது மேலேதான் நிற்கும், கிழங்கின் உள்ளே போகாது. வகாண்டா ராஜா பயந்தது இந்த இடத்தில் தப்பு செய்கிறவர்களைத்தான். கொதி வந்த பின் தீயைக் குறைத்து பத்துப் பதினைந்து நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் போதும், உடனே வடித்துவிட வேண்டும்.

அடுத்ததுதான் ஜெர்மானியர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். சூடு இருக்கும்போதே ஓரிரண்டு மேஜைக்கரண்டி வினிகரைத் தெளித்துவிட வேண்டும். சூடான கிழங்கு அதைக் குடித்துக்கொள்ளும். ஆறின கிழங்கு அப்படிக் குடிக்காது. மயோனைஸுக்கு இதே அவசரம் ஆகாது. சூட்டில் சேர்த்தால் எண்ணெய் பிரிந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். அதனால் வினிகர் தெளித்த கிழங்கை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பாட்டி எப்போதும் பாத்திரத்தோடு மூடி வைத்துவிடுவாள். பேத்தி தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஏன் என்று கீழே வரும்.

மற்றது சேர்மானம். எட்டு அவித்த முட்டை. பொடியாக நறுக்கிய செலரித் தண்டு, அதுதான் மொறுமொறுப்பு தரும். வெங்காயம். ரெலிஷ் என்று அவர்கள் சொல்லும், வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்ட இனிப்பு ஊறுகாய். மஞ்சள் கடுகு விழுது. மயோனைஸ் இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாக. மிளகுத்தூள். எல்லாம் கலந்து, மேலே சிவப்பாக பாப்ரிகாத் தூள். முந்தின நாள் இரவே செய்து குளிரவைத்தால் ருசி ஒன்றோடு ஒன்று சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் நாக்குக்கு மங்கலாகத்தான் தெரியும். இராத்திரி சரியாக இருந்தது காலையில் சப்பென்று இருக்கும். கிழங்கும் இரவெல்லாம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே காலையில் மறுபடி ருசி பார்த்து, கொஞ்சம் உப்பும் ஒரு கரண்டி மயோனைஸும் சேர்ப்பது உத்தமம்.

காலையில் பாட்டி ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. கடுகு விழுது ஜாடியைப் பேத்தி பக்கம் நகர்த்திவைத்தாள். அவ்வளவுதான்.

*

இனி அந்த 'ஏன்'.

உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டு வயிறு கெட்டால் அமெரிக்காவில் எல்லோரும் திட்டுவது மயோனைஸை. பாவம், அது நிரபராதி. கடையில் விற்கும் மயோனைஸில் இருப்பது கிருமி நீக்கம் செய்த முட்டை. கூடவே வினிகரும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்திருப்பதால் அது நல்ல அமிலம். அதில் கிருமி வளர்வது கடினம். உண்மையான ஆபத்து கிழங்கிலும் முட்டையிலும்தான். இரண்டிலும் அமிலம் குறைவு, ஈரமும் சத்தும் அதிகம். நறுக்குகிற கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது விருந்து. வெயிலில் வைத்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடிக்கும்.

அதனால் அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு இது. 4 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சூடான உணவை ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். ஆகவேதான் தட்டில் பரப்புவது.

லங்காஸ்டரில் நடந்தது இதுவும் இல்லை, வேறு. அந்த சாலட்டுக்குப் பயன்பட்டது வீட்டில் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தி வைத்திருந்த கிழங்கு. மண்ணில் விளையும் எதிலும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்யூலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிநீரின் நூறு டிகிரி அவற்றை ஒன்றும் செய்யாது. அவற்றைக் கொல்ல 116 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு பிரஷர் கேனர் என்ற அழுத்தப் பாத்திரம் அவசியம். அங்கே ஜாடிகள் வெறும் கொதிநீரில்தான் வைக்கப்பட்டிருந்தன. காற்றுப் போகாத, அமிலம் இல்லாத ஜாடிக்குள் தப்பிப் பிழைத்த வித்துகள் முளைத்து, மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்றைத் தயாரித்தன. ஜாடியைத் திறந்த பின் கிழங்கை நன்றாகக் கொதிக்கவிட்டிருந்தால் அந்த நஞ்சு அழிந்திருக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு மாதிரி இது சூட்டைத் தாங்காது. ஆனால் சாலட்டுக்கு யார் மறுபடி கொதிக்கவைப்பார்கள்?

அங்கே யாரும் கெடுதல் நினைக்கவில்லை. அலட்சியம் என்றுகூட எளிதாகச் சொல்லிவிட முடியாது. வெறும் கொதிநீரில் வைத்த ஜாடி ஒரு பிசகும் இல்லாமல் எத்தனையோ வருடம் தப்பிவிடலாம். தப்பித்த ஒவ்வொரு வருடமும், செய்வது சரிதான் என்ற தைரியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். அதுதான் இதில் பயங்கரம்.

*

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'நற்பெயர்' என்ற பாடத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். சராசரி இலாப முறை, உயர் இலாப முறை, மூலதனமாக்கல் முறை என்று பரீட்சைக்கு முதல் நாள் எல்லோரும் குழம்பும் அதே பாடம்தான். அதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. இன்னொரு வியாபாரத்தை விலை கொடுத்து வாங்கும்போது வரும் நற்பெயரைத்தான் ஏட்டில் சொத்தாகக் காட்டலாம். ஒருவர் நாற்பது வருடம் உழைத்துத் தானாகச் சேர்த்த நற்பெயரைக் காட்டக் கூடாது. எவ்வளவு என்று நம்பகமாக அளக்க வழியில்லை என்பதே காரணம்.

பாட்டியின் சாலட்டுக்கு இருந்தது அந்த இரண்டாவது வகை. எந்த ஏட்டிலும் இல்லாத சொத்து. அதை நம்பித்தான் பதினைந்து பேர் கேள்வி கேட்காமல் தட்டை நீட்டுகிறார்கள். கிண்ணம் பேத்தி கைக்கு வந்ததும் அந்த நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது, அவள் ஒரு பைசா செலுத்தாமலே. கடனாக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 4 மதியம். வெயில் 33 டிகிரி. கிண்ணம் மேஜைக்கு வந்தது மணி ஒன்றுக்கு. "யார் செய்தது?" என்று ஒரு சித்தி கேட்டாள். பாட்டி பேத்தியைக் கை காட்டினாள். சித்தியின் கரண்டி அரை விநாடி நின்றது. பிறகு பாதிக் கரண்டி எடுத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மறுபடி வந்து முழுக் கரண்டி. பேத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மணி இரண்டு. பேத்தி கிண்ணத்தைத் தூக்கினாள். கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"எங்கே கொண்டுபோறே?" அடுப்படியிலிருந்து பெரிய மாமா.

"ஒரு மணி நேரம் ஆயிருச்சு மாமா. வெயில் அதிகம். இனிமே வைக்கக் கூடாது."

"நாற்பது வருஷமா சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருந்திருக்கு. யாராவது செத்தோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி பாட்டியைப் பார்த்தாள். இதில் இருக்கும் இக்கட்டைக் கவனிக்க வேண்டும். கிண்ணத்தை எடுத்தால், இத்தனை வருடம் பாட்டி செய்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னது மாதிரி. எடுக்காவிட்டால், தனக்குத் தெரிந்ததை மரியாதைக்காக மறைத்து, நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்குப் பரிமாறுவது மாதிரி. பாட்டி எப்போதாவது தெரிந்து தப்பு செய்தாளா? இல்லை. பாட்டிக்குத் தெரியாது, அதிர்ஷ்டமும் துணை இருந்தது. பேத்திக்குத் தெரியும். தெரிந்த பிறகு அதிர்ஷ்டத்தை நம்பினால் அது வேறு கணக்கு.

அவள் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாள். இரண்டேகால் கிலோ கிழங்கில் அரைக் கிலோவுக்கு மேல் வீண். கொட்டும்போது கை கூசியது. உணவை வீணாக்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பாட்டிதான்.

திரும்பிப் பார்த்தால் பாட்டி சமையலறை வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தொட்டியைப் பார்த்தாள், கழுவுத்தொட்டியில் கிடந்த தன் கிண்ணத்தைப் பார்த்தாள். பேத்தி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு சின்னக் கிண்ணத்துல போடு" என்றாள் பாட்டி. "ஒண்ணு மேஜையில, ஐஸ்கட்டி மேல. ஒண்ணு ஃப்ரிட்ஜில. அது தீர்ந்ததும் இதை எடு. வீணாகாது."

உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் குக்-அவுட்டுக்குச் சொல்லும் யோசனையும் ஏறக்குறைய இதுதான். பாட்டி அதை எந்தப் பிரசுரத்திலும் படித்தவள் இல்லை, நின்ற நிலையில் யோசித்துச் சொன்னாள்.

பிறகு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வழக்கமாகத் தன் அலமாரியில் வைப்பதை அன்றைக்குப் பேத்தியின் பையில் வைத்தாள்.